வில்ட் சேம்பர்லின் இன்று ஆடினால் 50 புள்ளி எடுப்பாரா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் வில்ட் சேம்பர்லின் 1961-62 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளி எடுத்திருக்கிறார், பில் ரஸ்ஸல் 11 முறை சாம்பியன் ஆகியிருக்கிறார். அப்படியிருக்க, எல்லாக் காலத்திலும் சிறந்தவர் யார் என்றால் எல்லோரும் ஏன் மைக்கேல் ஜோர்டானா லெப்ரான் ஜேம்ஸா என்று மட்டும் சண்டை போடுகிறார்கள்? பழைய ஆட்டக்காரர்கள் அவ்வளவு மட்டமா, இல்லை இப்போது பேசுகிறவர்களுக்குப் பழைய கதை தெரியவில்லையா?

இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1962இல் இருந்த வில்ட்டை அப்படியே தூக்கிவந்து இன்றைய என்.பி.ஏ. கோர்ட்டில் இறக்கினால் என்ன ஆகும் என்பது ஒன்று. தன் காலத்தில் தன்னோடு ஆடியவர்களைவிட யார் எவ்வளவு மேலே நின்றார் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு யாராலும் நிரூபிக்க முடிந்த பதில் கிடையாது, டீக்கடையில் பேசிப் பொழுது போக்கலாம். இரண்டாவதற்கு ஓரளவு கணக்குப் போட்டே பதில் சொல்ல முடியும். நான் கல்லூரி அணியில் ஆடியவன். அப்புறம் பல வருடம் போட்டிகளில் ஸ்கோர் மேசையில் உட்கார்ந்தவன், இப்போது பள்ளிப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அதனால் புள்ளிவிவரம் எப்படி உருவாகிறது என்ற பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

முதலில் அந்த 50.4. எண் சரிதான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அதன் பக்கத்திலேயே இன்னொரு எண்ணையும் எழுதிவைக்க வேண்டும்: அந்த சீசனில் வில்ட் ஆட்டத்துக்கு 48.5 நிமிடம் ஆடினார். ஆட்டமே 48 நிமிடம்தான், ஓவர்டைம் போன ஆட்டங்களும் சேர்ந்ததால் சராசரி அதைத் தாண்டிவிட்டது. மனிதர் உட்காரவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய நட்சத்திரங்கள் 34, 36 நிமிடம் ஆடுகிறார்கள். அடுத்தது வேகம். 24 விநாடிக்குள் ஷாட் போட்டாக வேண்டும் என்ற ஷாட் கிளாக் விதி வந்து சில வருடங்களே ஆகியிருந்த காலம் அது. பந்து கைக்கு வந்ததும் ஷாட், தவறினால் எதிரணி எடுத்துக்கொண்டு ஓட்டம். ஓர் அணிக்கு ஆட்டத்துக்குச் சுமார் 125 முறை பந்து கிடைத்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். இப்போது அது 100. இந்த 125 ஒரு மதிப்பீடுதான் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். டர்ன்ஓவரையும் (பந்தை எதிரணியிடம் இழப்பது) ஆஃபென்சிவ் ரீபவுண்டையும் (தன் அணி தவறவிட்ட ஷாட்டைத் தன் அணியே பிடிப்பது) அப்போது தனியாகக் குறித்துவைக்கவில்லை, ஷாட்டையும் ஃப்ரீ த்ரோவையும் (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லாத ஷாட்) வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டது.

சரி, கணக்கைப் போடுவோம். 50.4 புள்ளியை 125 வாய்ப்பிலிருந்து 100 வாய்ப்புக்குக் கொண்டுவந்தால் 40 சொச்சம். அதையே 36 நிமிடத்துக்குக் கொண்டுவந்தால் ஏறத்தாழ 30. ரீபவுண்டுக்கு (தவறிய ஷாட்டைப் பிடிப்பது) இதைவிட நேரடியான வழி இருக்கிறது. 1961-62இல் ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 71 ரீபவுண்ட் எடுத்தது, இன்றைக்கு 44 அளவில் இருக்கிறது. அன்று நூற்றுக்கு 43 ஷாட்கூட உள்ளே போகவில்லை, தவறியது அத்தனையும் யாரோ ஒருவருக்கு ரீபவுண்ட். வில்ட்டின் 25.7ஐ அந்த விகிதத்தில் குறைத்து நிமிடத்தையும் சரிசெய்தால் 12 வரும்.

அப்படியானால் வில்ட் வெறும் 30 புள்ளி, 12 ரீபவுண்ட் ஆசாமிதானா என்று கேட்டால், அந்த ‘வெறும்’ இடிக்கிறது. இன்று அந்த எண்களோடு ஒருவர் சீசனை முடித்தால் எம்.வி.பி. (சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது) பட்டியலில் முதல் சில பெயர்களுக்குள் இருப்பார். அதைவிட முக்கியம், வேகத்தாலும் நிமிடத்தாலும் கரையாத ஒரு எண் இருக்கிறது: லீக் முழுவதும் 42.6 சதவீத ஷாட்டை உள்ளே போட்டபோது வில்ட் 50.6 சதவீதம் போட்டார். எட்டு சதவீதப் புள்ளி இடைவெளி, அதுவும் லீக்கிலேயே அதிகமாக ஷாட் போட்டவர் என்ற நிலையில். இன்னொரு நியாயமும் பார்க்க வேண்டும். 36 நிமிடத்துக்குக் குறைப்பது நம் வசதிக்காகச் செய்வது. அந்த வேகத்தில் 48 நிமிடமும் ஓட வேறு யாராலும் முடியவில்லை என்பதும் அவருடைய திறமைக் கணக்கில்தானே வர வேண்டும்?

அதே சீசனில் எம்.வி.பி. யாருக்குப் போனது தெரியுமா? ரஸ்ஸலுக்கு. அவர் எடுத்தது ஆட்டத்துக்கு 18.9 புள்ளி. இன்னொரு நட்சத்திரம் ஆஸ்கர் ராபர்ட்சன் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்) மூன்றிலும் இரட்டை இலக்கச் சராசரி வைத்ததும் அதே வருடம்தான். அவருக்கும் கிடைக்கவில்லை. அப்போது அந்த விருதுக்கு வாக்களித்தவர்கள் சக ஆட்டக்காரர்கள், பத்திரிகையாளர்கள் கையில் அது 1980களில்தான் போனது. இந்த மூவரையும் கோர்ட்டில் நேருக்கு நேர் சந்தித்தவர்கள் 18.9 புள்ளிக்காரரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றால், நம்மிடம் இருக்கும் எண்களில் எதுவோ விட்டுப்போயிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். (கோப்பைக்கான இறுதிக் கட்டமான ப்ளேஆஃபில் வில்ட்டின் அணி ரஸ்ஸலின் அணியிடம் ஏழு ஆட்டத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போய் 109-107 என்று தோற்றது. இரண்டே புள்ளி.)

விட்டுப்போனது என்ன என்பதும் தெரியும். பிளாக் (எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிடுவது), ஸ்டீல் (பந்தைப் பறிப்பது) இரண்டையும் என்.பி.ஏ. குறிக்க ஆரம்பித்தது 1973-74 சீசனில். ரஸ்ஸல் ஓய்வு பெற்றது 1969இல். அவர் வாழ்ந்ததே பிளாக்கில், ஆனால் அதிகாரப்பூர்வக் கணக்கில் அவர் பெயரில் ஒரு பிளாக்கூடக் கிடையாது. வில்ட்டுக்கும் அதே கதி. இறுதிப் போட்டியின் எம்.வி.பி. விருது 1969இல்தான் வந்தது. ரஸ்ஸலின் கடைசி வருடம். அதிலும் தோற்ற அணியின் ஜெர்ரி வெஸ்ட்டுக்குப் போனது. 11 கோப்பை வென்றவருக்கு ஒரு தடவையும் கிடைக்காத அந்த விருதுக்கு 2009இல் ரஸ்ஸலின் பெயரையே வைத்தார்கள்.

குறிக்கப்பட்ட எண்களும் கல்லில் வெட்டியவை அல்ல. மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: புள்ளியில் தகராறு வராது, ரிங்குக்குள் போனது போனதுதான். அசிஸ்ட் அப்படியல்ல. பாஸ் வாங்கியவர் இரண்டு தடவை பந்தைத் தட்டிவிட்டு ஷாட் போட்டால் அது அசிஸ்ட்டா இல்லையா என்று கண் இமைக்கும் நேரத்தில் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். பழைய காலத்தில் கை கொஞ்சம் இறுக்கம். அதனால் ராபர்ட்சனின் 11.4 அசிஸ்ட்டை ஆட்ட வேகத்துக்காகக் குறைக்கும்போது, இந்தக் கஞ்சத்தனத்துக்காகக் கொஞ்சம் கூட்டவும் வேண்டியிருக்கிறது. ஸ்டீலும் பிளாக்கும் இன்னும் மோசம். ஜோர்டான் 1987-88இல் 259 ஸ்டீல், 131 பிளாக் எடுத்து, எம்.வி.பி.யோடு அந்த வருடத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதையும் வாங்கினார். அந்த 259இல் 165 சொந்த ஊர் கோர்ட்டில் எடுத்தது, வெளியூரில் 94தான். சொந்த ஊரில் கணக்கு எழுதுபவர் சொந்த அணியின் ஆள். இதை வைத்து விருதே பொய் என்று சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன், வீடியோவில் அவர் ஆடிய தடுப்பாட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் 259 என்ற எண்ணைத் தராசில் வைத்து வேறொரு காலத்து எண்ணோடு நிறுத்துப் பார்க்கவும் மாட்டேன்.

வீடியோ இல்லாத ஆட்டங்கள் என்று வந்தால், எல்லோரும் கேட்பது வில்ட் 100 புள்ளி எடுத்த அந்த ஆட்டம். 1962 மார்ச் 2, பென்சில்வேனியாவில் ஹெர்ஷி என்ற சாக்லேட் ஊர். அரங்கில் நாலாயிரம் சொச்சம் பேர். தொலைக்காட்சி கிடையாது, நான்காவது கால்பகுதியின் வானொலி வர்ணனை மட்டும் ஒலிநாடாவில் மிஞ்சியிருக்கிறது. ஸ்கோர் தாளில் 63 ஷாட்டில் 36, 32 ஃப்ரீ த்ரோவில் 28. வில்ட் ஃப்ரீ த்ரோவில் படுமோசம், வாழ்நாள் சராசரி 51 சதவீதம்தான். அந்த ஒரு ராத்திரி 28 உள்ளே விழுந்திருக்கிறது. எதிரணியான நியூயார்க் நிக்ஸின் வழக்கமான சென்டர் (ரிங்குக்கு அருகே ஆடும் உயரமானவர்) அன்று ஆடவில்லை, மாற்று ஆள் ஃபவுலில் வெளியே போனார். கடைசி நிமிடங்களில் நிக்ஸ் ஆட்கள் பந்து வில்ட்டிடம் போகக்கூடாதென்று மற்றவர்களை ஃபவுல் செய்ய, வில்ட்டின் அணி பந்தைத் திரும்ப வாங்குவதற்காக நிக்ஸை ஃபவுல் செய்தது. 169-147 என்று முடிந்த ஆட்டத்தில் ஜெயிக்கும் அணி ஃபவுல் செய்கிறது! நடந்ததா என்று சந்தேகப்படுபவர்கள் உண்டு. ஸ்கோர் தாள், ஒலிநாடா, அரங்கில் இருந்த பத்திரிகையாளர்கள் என்று சான்று போதுமான அளவு இருக்கிறது. நடந்தது உறுதி. அது எப்பேர்ப்பட்ட ஆட்டம் என்பதை மட்டும் நம்மால் பார்க்க முடியாது.

விதிகளைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முடியாது. பையன்கள் யூடியூபில் 1950களின் நட்சத்திரம் பாப் கௌசியின் பழைய கறுப்பு வெள்ளைக் காட்சியைப் பார்த்துவிட்டு, “சார், இவர் எங்க ஸ்கூல் டீமுக்கே தேறமாட்டார்” என்று சிரிக்கிறார்கள். அவருடைய கையைக் கவனியுங்கள் என்பேன். உள்ளங்கை எப்போதும் பந்தின் மேலேயே இருக்கும். பக்கவாட்டிலோ கீழேயோ கை போனால் அன்றைய நடுவர் விசிலடித்துப் பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிடுவார். இன்று பந்தைக் கொண்டுவரும் ஒவ்வொரு ஆட்டக்காரரும் செய்கிற கிராஸ்ஓவர் (பந்தைச் சட்டென்று மறு கைக்கு மாற்றுவது) அன்று ‘கேரி’ என்ற விதிமீறல். அந்தக் கட்டுப்பாட்டில் ஒரு வாரம் டிரிப்ளிங் செய்து பாருங்கள் என்று சொன்னால் சிரிப்பு அடங்கிவிடும்.

ஜோர்டான் ரசிகர்கள் சொல்லும் வாதம் ஒன்று இருக்கிறது: அந்தக் காலத்தில் தடுப்பவர் இடுப்பில் கை வைத்துத் தள்ளலாம், 2004-05இலிருந்து அதைக் கடுமையாகத் தடுத்துவிட்டார்கள், ஆகவே ஜோர்டான் இன்று ஆடினால் 45 எடுப்பார். பாதி சரி. மீதிப் பாதியை அவர்கள் சொல்வதில்லை. 2001 வரை சோன் தடுப்பாட்டம் (ஆளைக் காக்காமல் இடத்தைக் காப்பது) சட்டவிரோதம். நீங்கள் ஓர் ஆளைக் காக்க வேண்டும், இல்லையென்றால் பந்து வைத்திருப்பவரிடம் நேராகப் போய் இரட்டைக் காவல் போட வேண்டும். இரண்டுக்கும் நடுவே பாதுகாப்பாக நின்று வழி மறிக்க முடியாது. அதனால் நான்கு பேரை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு ஜோர்டானை இன்னொரு பக்கம் ஒற்றையாக விட்டால், எதிரணி கையைக் கட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். இன்றோ உள்ளே புகுந்தால் மூன்று பேர் வழியில் நிற்பார்கள். ஆனால் வெளியே நிற்கும் நான்கு பேரும் தூரத்திலிருந்து மூன்று புள்ளி ஷாட் போடுவார்கள் என்பதால் அவர்களும் முழுதாக உள்ளே வர முடியாது. இந்தக் கூட்டல் கழித்தலின் விடை என்ன என்று உறுதியாகச் சொல்பவர் யாராக இருந்தாலும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்: 1987-88இல் ஆட்டத்தின் வேகம் ஏறக்குறைய இன்றைய வேகமே. அதனால் அந்த வருடம் 53.5 சதவீத ஷாட்டோடு அவர் எடுத்த 35 புள்ளிக்கு வில்ட்டுக்குப் போட்ட மாதிரிக் கழிவு எதுவும் போட வேண்டியதில்லை. 90களின் பிற்பாதியில் ஆட்டம் ஆமை வேகத்துக்கு இறங்கிவிட்டது, அப்போது அவர் எடுத்த 30ஐக் கொஞ்சம் ஏற்றிக்கூடப் படிக்கலாம்.

கோப்பைகளை எண்ணுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ரஸ்ஸலின் 13 சீசனில் பெரும்பகுதி லீக்கில் எட்டு, ஒன்பது அணிகள்தான். அவருடைய பாஸ்டன் அணி முதலிடம் பிடித்துவிட்டால் இரண்டே தொடர் ஜெயித்தால் கோப்பை. இப்போது 30 அணி, நான்கு தொடர். அன்று ஆட்டக்காரர் விரும்பிய அணிக்குப் போகும் உரிமையும் கிடையாது. ராபர்ட்சன் பெயரில் நடந்த வழக்கு 1976இல் சமரசத்தில் முடிந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. அதனால் நல்ல அணி நல்ல அணியாகவே நீடித்தது. மறுபக்கம், மொத்தமே நூறு பேருக்குத்தான் வேலை என்பதால் ஒப்புக்கு ஆடுபவர்கள் குறைவு, வில்ட்டும் ரஸ்ஸலும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் மோதிக்கொண்டார்கள். ஏழாவது ஆட்டம் என்று வந்த 10 தடவையும் ரஸ்ஸல் ஜெயித்தார். அதை எந்தக் காலத்துக் கணக்கில் போட்டாலும் பத்துக்குப் பத்துதான்.

“எதிரே ஆடியவர்கள் எல்லாம் பிளம்பர்கள்” என்று அந்தக் காலத்து ஆட்டக்காரர்களைப் பற்றி நீங்கள் எங்கோ படித்ததாகச் சொன்னீர்கள். கோடையில் வேறு வேலை பார்த்தவர்கள் இருந்தது உண்மை, சம்பளம் அப்படி. அதனால் அவர்கள் ஆடத் தெரியாதவர்கள் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் ஆள் எடுத்த குளம் சிறியது என்பதும் உண்மை. முதல் கறுப்பினத்தவர்கள் லீக்குக்குள் வந்ததே 1950இல், ஓர் அணிக்கு இத்தனை பேர்தான் என்ற எழுதாத வரம்பு அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தது. ஐந்து கறுப்பினத்தவர்களோடு ஓர் அணி ஆட்டத்தைத் தொடங்கியது 1964 டிசம்பரில்தான், ரஸ்ஸல் இருந்த பாஸ்டன் அணி அது. 1961இல் கென்டக்கியில் ஒரு கண்காட்சி ஆட்டத்துக்குப் போன இடத்தில் சாப்பாடு பரிமாற மறுத்ததால் ரஸ்ஸலும் கறுப்பினச் சக ஆட்டக்காரர்களும் ஆடாமலே திரும்பினார்கள். பயணக் களைப்பு, துணி ஷூ, அரைகுறை மருத்துவம் எல்லாவற்றையும் ‘அந்தக் காலம்’ என்று கணக்கில் சேர்ப்பவர்கள் இதைச் சேர்ப்பதில்லை.

அமெரிக்காவுக்கு வெளியே இருந்தவர்களை அன்று யாரும் தேடவேயில்லை. லிதுவேனிய ஆட்டக்காரர் சபோனிஸை என்.பி.ஏ.வின் போர்ட்லேண்ட் அணி 1986இல் தேர்ந்தெடுத்தது, அவர் வந்து சேர்ந்தது 1995இல், கால்கள் பாழான பிறகு. இன்று நிலைமை தலைகீழ்: 2019 முதல் 2025 வரை எம்.வி.பி. வாங்கிய எல்லோருமே அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்கள். எனவே சராசரி ஆட்டக்காரரின் தரம் உயர்ந்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெஞ்சில் கடைசியில் இருப்பவர்கூட மூன்று புள்ளி போடுகிறார். ஆனால் உச்சியில் இருப்பவர்கள் அதே அளவு உயர்ந்துவிட்டார்களா என்பது தனிக் கேள்வி. ஏழடிக்கு மேல் உயரமும் கல்லூரியில் உயரம் தாண்டிய கால்களும் இருந்த வில்ட்டுக்கு இன்றைய உணவும் பயிற்சியும் கொடுத்தால் பெஞ்சில் உட்கார்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவரால்தான் ரிங்குக்குக் கீழே இருக்கும் பெயின்ட் பகுதியை 1964இல் 12 அடியிலிருந்து 16 அடியாக அகலப்படுத்தினார்கள். அதற்கு முன்னால் இன்னொரு உயரமான ஆட்டக்காரர் ஜார்ஜ் மைக்கனுக்காக 6 அடியை 12 ஆக்கியிருந்தார்கள். ஒருவரை அடக்குவதற்காகக் கோர்ட்டில் வேறு கோடு போட வேண்டியிருந்தது என்றால், அவர் மற்றவர்களைவிட எவ்வளவு மேலே நின்றார் என்பதற்கு அதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

லெப்ரானுக்கு வருவோம். அவர் பக்கத்து வாதம் நீளம். 2004-05 முதல் 2023-24 வரை தொடர்ந்து 20 சீசன் 25 புள்ளிக்கு மேல் சராசரி. அதுவரை சாதனையை வைத்திருந்த கரீம் அப்துல்-ஜப்பாரின் 38,387 என்ற வாழ்நாள் புள்ளி மொத்தத்தை 2023 பிப்ரவரியில் தாண்டினார், 2024 மார்ச் 2 அன்று 40,000 தொட்டார் (வில்ட்டின் அதே தேதி, தற்செயல்தான்). இங்கேயும் கழிவுக் கணக்கு உண்டு. லெப்ரான் பள்ளியிலிருந்து நேராக 18 வயதில் வந்தவர், கரீம் கல்லூரியில் நான்கு வருடம் இருந்துவிட்டு 22 வயதில் வந்தவர். கரீம் வாழ்நாளில் போட்ட மூன்று புள்ளி ஷாட் ஒன்றே ஒன்று. மூன்று புள்ளிக் கோடே 1979-80இல்தான் வந்தது. லெப்ரான் 2,000க்கும் மேல் போட்டிருக்கிறார், கோட்டினால் மட்டுமே 2,000 புள்ளிக்கு மேல் கூடுதல். இதையெல்லாம் சொல்வது லெப்ரானைக் குறைப்பதற்காக இல்லை. கரீமை நீங்கள் உங்கள் கேள்வியில் குறிப்பிடவே இல்லை என்பதற்காகத்தான். ஆறு எம்.வி.பி. வாங்கியவர் அவர் ஒருவர்தான், ஜோர்டானுக்கு ஐந்து, லெப்ரானுக்கு நான்கு. கரீமின் ஸ்கைஹூக் ஷாட்டை (தலைக்கு மேலே ஒரு கையால் வளைத்துப் போடுவது) தடுக்க 20 வருடம் யாருக்கும் வழி கிடைக்கவில்லை.

என் பட்டியல் என்ன என்று கேட்பீர்கள். ஒரே ஒரு சீசனுக்கு ஓர் ஆளை எடுத்துக்கொள் என்றால் 1988க்கும் 1993க்கும் இடைப்பட்ட ஜோர்டான். முழு ஆட்ட வாழ்க்கைக்கு என்றால் லெப்ரான், மயிரிழையில் பின்னால் கரீம். இது கருத்துதான், இரண்டாம் இடத்தை முதலிடம் ஆக்கி நீங்கள் வாதாடினால் நான் மல்லுக்கு நிற்க மாட்டேன். வில்ட்டை ஐந்துக்குள் வைப்பேன். ரஸ்ஸலை எந்த எண்ணை வைத்தும் எந்த இடத்திலும் நிறுத்த முடியவில்லை, அவர் வேலை செய்த இடத்தில் யாரும் எண்ணவில்லை. சக ஆட்டக்காரர்களின் வாக்கை மட்டும் நம்பினால் வில்ட்டுக்கு மேலே வைக்க வேண்டும், நான் நம்புகிறேன். செர்பிய நட்சத்திரம் ஜோகிச்சை இதில் எங்கே சேர்ப்பது என்று அடுத்த கேள்வி வரும், இப்போதே தெரிகிறது. அவர் ஆடி முடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.